கரண்டிக்கும் கத்திரிக்கும் ஒரே பட்டறை: சென்னையில் சில நாள்

முதல் நாள்: எழும்பூர்

ஆதிச்சநல்லூர் எங்கள் ஊருக்குக் கூப்பிடு தூரம். இருந்தும், 1899 தொடங்கி தொல்லியல்காரர் அலெக்சாண்டர் ரீ அங்கே தோண்டியெடுத்த சாமான்களைப் பார்க்க ராத்திரி ரயில் பிடித்து எழும்பூர் மியூசியத்துக்குத்தான் வர வேண்டும். இப்போது அந்தப் பறம்பிலேயே கண்ணாடித் தளம் போட்டுத் தாழிகளைக் காட்டுகிறார்கள், சரி. ஆனால் ரீ எடுத்த வெண்கலமும் இரும்பும் இங்கே. அவருக்கும் முன்னால் 1876-ல் வந்த யாகோர் என்ற ஜெர்மானியர் எடுத்தவை பெர்லினுக்குப் போய்விட்டன. அதற்கு நம் ஊரிலிருந்து ரயில் கிடையாது.

அடுப்படிச் சாமானும் ஆஸ்பத்திரிக் கருவியும் முதலில் எங்கிருந்து கிளம்பின என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு குடைச்சல். புரசைவாக்கத்தில் அக்கா வீடு இருக்கிறது, அக்கா மகள் நர்சிங் படிக்கிறாள். ஒரு வாரம் தங்கிச் சுற்றலாம் என்று வந்துவிட்டேன். அன்றன்று பார்த்ததை அன்றன்றே எழுதுகிறேன்.

மியூசியம் 1851-ல் தொடங்கியது. பொறுப்பேற்று நடத்தியவர் எட்வர்ட் பால்ஃபர், தொழிலால் டாக்டர். கற்கருவிகள் இருக்கும் பக்கம் யாரும் நிற்பதில்லை. எல்லாரும் வெண்கல நடராஜரை நோக்கி ஓடுகிறார்கள். எனக்கு அந்தக் கற்களே போதும். 1863 மே 30-ஆம் தேதி பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபுட் ஒரு கைக்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்காலம் என்று ஒன்று இருந்ததைக் காட்டிய முதல் கல் அதுதான். அதே ஆண்டு அதிரம்பாக்கத்தையும் கண்டுபிடித்தார்கள். அங்கே கிடைத்த கருவிகளுக்கு இப்போது சொல்லும் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு.

இந்தக் கைக்கோடரியைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். ஒரு முனை உருண்டையாக, உள்ளங்கையில் உட்காரும்படி இருக்கும். மறுமுனை கூர். இரண்டு ஓரத்திலும் சிறு சிறு செதில்களாகப் பெயர்த்திருப்பார்கள், ஒவ்வொரு செதிலும் ஓர் அடி. செய்தவன் அதைத் தோலுரிக்கவும் வைத்திருப்பான், எலும்பை உடைக்கவும் வைத்திருப்பான். சமையலுக்குத் தனி, வைத்தியத்துக்குத் தனி என்று அவன் கத்தி வைத்திருக்க வாய்ப்பில்லை. அந்தப் பிரிவினை எல்லாம் வெகு பின்னால் வந்தது.

ஆதிச்சநல்லூர் வெண்கலத்துக்கு வருவோம். மூடியில் எருமையும் சேவலும் நிற்கும் ஜாடிகள், சல்லடைபோலத் துளையிட்ட கிண்ணங்கள். இந்த ஊர் வெண்கலப் பாத்திரங்கள் சிலவற்றில் வெள்ளீயம் நூற்றுக்கு இருபதுக்கு மேல். அவ்வளவு வெள்ளீயம் சேர்ந்த வெண்கலத்தைச் சும்மா தட்டினால் விண்டுபோகும். சிவக்கக் காய்ச்சித் தட்டி, சூட்டோடு தண்ணீரில் அமிழ்த்த வேண்டும். அந்தச் சூட்சுமம் தெரிந்த கன்னான் எங்கள் ஆற்றங்கரையில் இருந்திருக்கிறான் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான், மறைப்பானேன்.

இரண்டாம் நாள்: பாரிமுனை

நயினியப்ப நாயக்கன் தெருவில் சர்ஜிகல் கடைகள் இருக்கின்றன. அங்கிருந்து மின்ட் தெருப் பக்கம் நடந்தால் எவர்சில்வர் பாத்திரக் கடைகள். ஒரே வெயிலில் இரண்டையும் பார்த்துவிடலாம். அக்கா வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தப் பிள்ளையாரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

பாத்திரக் கடைக்காரரிடம் பிள்ளையாரைக் காட்டியதும் சிரித்துவிட்டார். “காந்தம் ஒட்டலேன்னா ஒரிஜினல் சார், ஒட்டினா டூப்ளிகேட்டு” என்றார். ஊர் முழுக்க இதைத்தான் சொல்கிறார்கள். பாதிதான் சரி. குரோமியமும் நிக்கலும் சேர்ந்த 304 ரகத்தில் காந்தம் ஒட்டாது, உண்மை. ஆனால் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த 200 வரிசை மலிவு ரகத்திலும் ஒட்டாது. 430 என்கிற ரகத்தில் ஒட்டும், அதுவும் எவர்சில்வர்தான். ஆகவே பிள்ளையாரை நம்பித் தட்டு வாங்காதீர்கள், அடியில் என்ன முத்திரை அடித்திருக்கிறது என்று பாருங்கள்.

அப்புறம் சர்ஜிகல் கடை. கடைக்காரர் விருதுநகர்ப் பக்கம். “அண்ணாச்சி, ஒண்ணும் வாங்க மாட்டேன், பார்க்கத்தான் வந்தேன்” என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். “பார்த்தா தேஞ்சா போகும், பாருங்க” என்று ஒரு கிட்னி ட்ரேயையும் ஒரு கத்திரியையும் எடுத்து வைத்தார். ட்ரேயில் பிள்ளையார் வழுக்கி விழுந்தார். கத்திரியில் கப்பென்று ஒட்டிக்கொண்டார். இரண்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்.

இதற்குக் காரணம் நூறு ஆண்டுக்கு முந்தையது. 1912 வாக்கில் ஜெர்மனியில் குருப் கம்பெனிக்காரர்கள் குரோமியமும் நிக்கலும் சேர்த்த எஃகைச் செய்தார்கள். நம் தட்டு, டம்ளர், கிட்னி ட்ரே எல்லாம் அந்த வழி. அடுத்த வருஷமே இங்கிலாந்தில் ஷெஃபீல்டு ஊர் ஹாரி பிரேர்லி துப்பாக்கிக் குழல் உள்ளே அரித்துப்போகாமல் இருக்க ஓர் எஃகைத் தேடினார். 12.8 சதவீதம் குரோமியம் சேர்த்த கலவை துருப்பிடிக்க மாட்டேன் என்றது. துப்பாக்கிக்குச் செய்ததை அவர் சாப்பாட்டு மேஜைக் கத்திக்குக் கொண்டுபோனார். கத்தி செய்பவர் ஒருவர் வினிகரில் போட்டுப் பார்த்து ஒத்துக்கொண்டார். அந்த ரகத்தைக் காய்ச்சித் தோய்த்தால் முனை கெட்டிப்படும், காந்தமும் ஒட்டும். ஆபரேஷன் கத்திரிகள் இன்றும் அந்தக் குடும்பம்தான். நிக்கல் கலந்த தட்டு எஃகில் அந்த மாதிரி முனை நிற்காது.

இன்னும் பின்னால் போனால் விஷயம் நம் பக்கமே வருகிறது. 1800-ஐ ஒட்டிய காலத்தில் லண்டன் ஸ்ட்ராண்ட் தெருவில் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்றொருவர் அறுவைக் கருவிகளும் சவரக்கத்திகளும் செய்து விற்றார். இந்தியாவிலிருந்து வந்த உருக்கில்தான் செய்கிறேன், பல வருஷம் சோதித்ததில் ஐரோப்பாவின் நல்ல எஃகைவிட இதுவே மேல் என்று தன் கடை அட்டையிலேயே அச்சடித்திருந்தார். மூசையில், அதாவது சிறு மண் குப்பியில், உருக்கிய தென்னாட்டு எஃகு. அதேபோல ஒன்றைச் செய்துவிட வேண்டுமென்று மைக்கேல் ஃபாரடேயைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு 1819-லிருந்து சில ஆண்டுகள் உலையடியில் நின்றார். மின்சார ஃபாரடேதான் அவர். எஃகோடு பிளாட்டினம், வெள்ளி என்று கண்டதையும் கலந்து பார்த்தார்கள். எஃகில் வேறு உலோகம் கலந்து குணத்தை மாற்றலாம் என்று ஒழுங்காக ஆராயத் தொடங்கியதே அங்கேதான் என்று சொல்வேன். கொங்கு நாட்டு உலைக்காரனுக்கு அந்தப் பட்டியலில் பெயர் இல்லை.

அண்ணாச்சி பெட்டி பெட்டியாகத் திறந்தார். ‘மஸ்கிட்டோ’, ‘அலிகேட்டர்’, ‘புல்டாக்’ என்று ஃபோர்செப்ஸுக்கும் கிளாம்புக்கும் ஜந்துக்களின் பெயர்கள். பழைய வடமொழி மருத்துவ நூலான சுஸ்ருத சம்ஹிதையிலும் இதே கதைதான். 101 யந்திரங்கள் (மழுங்கிய கருவிகள்), 20 சஸ்திரங்கள் (வெட்டும் கருவிகள்) என்று எண்ணி, பிடிக்கும் கருவிகளுக்குச் சிங்கமுகம், புலிமுகம், கொக்குமுகம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றிலும் கொக்குமுகம்தான் சிறந்தது என்கிறது நூல். ஆழப் போகும், சுலபமாகத் திரும்பும், பற்றியதை விடாது. அண்ணாச்சி கையிலிருந்த அலிகேட்டரைப் பார்த்தேன். மெலிந்து நீண்ட மூக்கு, நுனியில் மட்டும் திறக்கிறது. காதுக்குள் பஞ்சு மாட்டிக்கொண்டால் இதை விட்டுத்தான் எடுப்பார்களாம். பெயர் முதலை என்றாலும் வேலை கொக்கினுடையது.

பிரசவ ஃபோர்செப்ஸ் ஒன்றும் இருந்தது, பெரிய இடுக்கி. இதைச் செய்த சேம்பர்லென் குடும்பம் இங்கிலாந்தில் நூறு ஆண்டுக்கு மேல் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தது. பிரசவ அறைக்குள் பெரிய பெட்டியில் மூடிக் கொண்டுபோவார்களாம், தாயின் கண்ணைக்கூடக் கட்டிவிடுவார்களாம். 1813-ல் எஸ்ஸெக்ஸில் அந்தக் குடும்பம் இருந்த பழைய வீட்டின் மேல்மாடித் தரைப்பலகைக்கு அடியில் கருவிகள் கிடைத்தன. எத்தனை தாய், எத்தனை பிள்ளை அதற்குள் போயிருக்கும்? தொழில் ரகசியம் என்ற பேச்சே எனக்கு ஆகாது, அதிலும் இந்த மாதிரி ரகசியம். மரம் அறுக்கிற செயின் ஸாவின் மூதாதையும் பிரசவ அறையிலிருந்து வந்ததுதான். 1780-களில் ஸ்காட்லாந்து டாக்டர்கள் இருவர் இடுப்பெலும்பை அறுக்கச் சிறு சங்கிலி ரம்பம் செய்தார்கள். கையால் இழுப்பது. மீதியை நான் எழுதவில்லை, சாப்பிட்டுவிட்டுப் படிப்பவர்கள் இருப்பீர்கள்.

மூன்றாம் நாள்: தாம்பரம் சானடோரியம்

புறநகர் ரயில். ஸ்டேஷனுக்கே ‘சானடோரியம்’ என்று பெயர். 1928-ல் டாக்டர் சௌரி முத்து இங்கே காசநோய்க்காரர்களுக்காகச் சானடோரியம் தொடங்கினார். நல்ல காற்று, வெளிச்சம், சத்தான சாப்பாடு, ஓய்வு. அந்தக் காலத்தில் வேறு மருந்து ஏது? 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆராய்ச்சி மையம், மருந்தைச் சரியாகச் சாப்பிட்டால் வீட்டிலிருந்தே குணமாகலாம், சானடோரியத்துக்கு வந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை என்று உலகத்துக்கே காட்டியது. சென்னைக்காரர்கள் இதைச் சொல்லிக் கேட்டதே இல்லை. மெரினாவைப் பற்றி மட்டும் மணிக்கணக்கில் பேசுவார்கள்.

காசநோய் என்றதும் ஸ்டெதஸ்கோப். 1816, பாரிஸ் நெக்கர் மருத்துவமனை. இதயக் கோளாறோடு ஓர் இளம்பெண் வருகிறாள், கொஞ்சம் பருமன். நெஞ்சில் காது வைத்துக் கேட்பதுதான் அப்போது வழக்கம், அங்கிருந்த டாக்டர் லேனெக்குக்குக் கூச்சம். மரக்கட்டையின் ஒரு முனையில் ஊசியால் கீறினால் மறுமுனையில் காது வைத்தவனுக்குத் தெளிவாகக் கேட்கும் என்ற பிள்ளைகள் விளையாட்டு நினைவுக்கு வர, காகிதக் கட்டு ஒன்றை இறுக்கிச் சுருட்டி வைத்துக் கேட்டார். நேரே காது வைப்பதைவிட நன்றாகக் கேட்டது. மனிதர் புல்லாங்குழல் வாசிப்பவர், கடைசல் வேலையும் தெரியும். தானே மரத்தில் ஒரு குழல் கடைந்துகொண்டார். ஒரு சாண் நீளத்துக்குக் கொஞ்சம் கூட, நடுவில் துளை, ஒரே காதுக்கு. 1819-ல் புத்தகம் போட்டார், 1826-ல் இறந்தார். காசநோய்தான். இரண்டு காதுக்கும் குழாய் வந்தது 1850-க்குப் பிறகு.

அவருக்கும் முன்னோடி ஒருவர் உண்டு. ஆஸ்திரியாவில் கிராட்ஸ் ஊர்ச் சத்திரக்காரர் மகன் ஔன்புருக்கர். பீப்பாயில் ஒயின் எவ்வளவு இருக்கிறது என்று சத்திரத்தில் தட்டிப் பார்ப்பார்கள். பையன் டாக்டரானதும் நோயாளியின் நெஞ்சைத் தட்டினார், நீர் கோத்த இடம் மந்தமாக ஒலித்தது. கோயம்பேட்டில் பலாப்பழத்தைத் தட்டிப் பார்க்கிறவர் செய்வதும் இதே காரியம். 1761-ல் புத்தகமாக எழுதினார், யாரும் சட்டை செய்யவில்லை. 1808-ல் நெப்போலியனின் வைத்தியர் கோர்விசார் பிரெஞ்சில் மொழிபெயர்த்த பிறகுதான் எடுபட்டது. அந்தக் கோர்விசாரிடம் படித்தவர்தான் லேனெக்.

பக்கத்திலேயே தேசிய சித்த மருத்துவ நிறுவனம். புறநோயாளிகள் கூட்டம் அலைமோதியது, உள்ளே போய்த் தொந்தரவு பண்ண மனம் வரவில்லை. சித்த மருந்து செய்முறையில் பாதி சமையலறைதான்: கல்வம் (மருந்தரைக்கும் கல்), அகல், சட்டி. இரண்டு சட்டியை வாயோடு வாய் வைத்து, மண் தோய்த்த சீலையை ஏழு சுற்று சுற்றிக் காயவைத்து, அடியில் தீயெரித்தால் மருந்து ஆவியாகி மேல்சட்டியில் படியும். சட்டியைக் குயவர்தான் செய்து தர வேண்டும். வைத்தியருக்கென்று தனியாகச் சூளை இல்லை.

நான்காம் நாள்: வீட்டில்

மழை. வெளியே போகவில்லை. அக்கா வீட்டு அடுப்படியில் உட்கார்ந்தே ஒரு நாள் ஓடிவிட்டது, பார்க்கப்போனால் இதுதான் நல்ல நாள்.

குக்கரை எடுங்கள். 1679-ல் டெனி பாப்பென் என்ற பிரெஞ்சுக்காரர் லண்டனில் செய்து காட்டினார். எலும்பை மிருதுவாக்கும் இயந்திரம் என்றே அதற்குப் பெயர். ஏழைகளுக்கு எலும்பிலிருந்து மலிவாகச் சத்து எடுத்துக் கொடுக்கலாம் என்று எண்ணம். 1682 ஏப்ரலில் ராயல் சொசைட்டிக்காரர்களுக்கு அதில் சமைத்து விருந்தே வைத்தார். மாட்டெலும்பு பாலாடைக்கட்டி மாதிரி மிருதுவாக இருந்தது என்று விருந்துக்குப் போன ஜான் ஈவ்லின் தன் டைரியில் எழுதியிருக்கிறார். பாத்திரம் வெடிக்காமல் இருக்க நெம்புகோலில் எடை தொங்கவிட்ட ஒரு வால்வு வைத்தார். நம் வெயிட் அதன் பேரப்பிள்ளை. இருநூறு ஆண்டு கழித்து, 1879-ல், விஞ்ஞானி லூயி பாஸ்டரோடு வேலை பார்த்த ஷாம்பர்லான் அதே தத்துவத்தில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவைச் செய்தார். சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம், 121 டிகிரி, 15 நிமிஷம். இதைச் சொன்னதும் அக்கா மகள், “மாமா, இது எங்க பரீட்சையில வர்ற கேள்வி!” என்றாள். நம் வீட்டுக் குக்கரும் விசில் அடிக்கும்போது ஏறக்குறைய அதே 15 பவுண்டு அழுத்தத்தில்தான் நிற்கிறது. ஒரு காலத்தில் சின்ன கிளினிக்குகளில் ஊசியையும் சிரிஞ்சையும் குக்கரில்தான் வேகவைத்தார்கள்.

அக்காவின் மாமியாருக்கு ஞாபகம் இருப்பது ருக்மணி குக்கர். உயரமான பித்தளை அடுக்கு, அடியில் கரி. ஆவியிலேயே சாதம், பருப்பு, காய் எல்லாம் வெந்துவிடும், காலையில் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போய்வரலாம் என்றார். இதே மாதிரி ‘இக்மிக் குக்கர்’ என்று ஒன்றை 1910-ல் கல்கத்தாவில் செய்த இந்துமாதவ் மல்லிக் யார் தெரியுமா? டாக்டர்.

காபி ஃபில்டர். மேலடுக்கு, கீழடுக்கு, நடுவில் துளைபோட்ட தட்டு. பிரான்சில் ரூவான் ஊர் மருந்துக்கடைக்காரர் தெக்ருவாசில் 1802-ல் இப்படித்தான் இரண்டு பாத்திரத்தை அடுக்கி நடுவில் வடிகட்டி வைத்து ஒரு காபிச் சாதனம் செய்தார். ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரி லேபில் நாம் உடைத்த பியூரெட்டுக்கும் முன்னோடி அவரே. சொட்டுச் சொட்டாக இறக்குவதில் மனிதருக்கு அப்படி ஒரு ஆசை. நம் ஃபில்டர் நேரே அவர் கையிலிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை. துளையிட்ட கிண்ணத்தை முதல் நாளே எழும்பூரில் பார்த்துவிட்டோமே.

பிளாஸ்க்கையும் விடக்கூடாது. 1892-ல் ஜேம்ஸ் டேவர் திரவமாக்கிய வாயுக்களைக் குளிராக வைத்திருக்கச் செய்தது. காபியைச் சூடாக வைக்க அதை விற்கத் தொடங்கியவர்கள் ஜெர்மானியர்கள். டேவருக்குக் காலணா வரவில்லை.

மாலையில் அத்தான் வந்தார். போன வருஷம்தான் எழும்பூர் கண்ணாஸ்பத்திரியில் புரை எடுத்தார். 1819-ல் தொடங்கியது அந்த ஆஸ்பத்திரி, லண்டன் மூர்ஃபீல்ட்ஸுக்கு அடுத்தபடியாகப் பழையது. அவர் கண்ணில் வைத்திருக்கும் லென்ஸின் கதையைச் சொன்னேன். இரண்டாம் உலகப் போரில் சண்டை விமானத்தின் முன்கண்ணாடி உடைந்து பெர்ஸ்பெக்ஸ் சில்லுகள் விமானிகளின் கண்ணுக்குள் தைத்தன. கண்ணாடிச் சில்லு என்றால் கண் புண்ணாகும். இந்தப் பிளாஸ்டிக் சில்லு சும்மா கிடந்தது. அதைக் கவனித்த ஹெரால்ட் ரிட்லி 1949 நவம்பரில் அதே வகைப் பிளாஸ்டிக்கில் லென்ஸ் கடைந்து ஒரு நோயாளியின் கண்ணுக்குள் வைத்தார். அத்தான் கொஞ்ச நேரம் பேசவில்லை. “அப்போ என் கண்ணுல ஏரோப்ளேன் கண்ணாடியா மாப்ளே?” என்று கேட்டுவிட்டு டிவியைப் போட்டார்.

கடைசி நாள்: ராசப்பச் செட்டித் தெரு

ஊரில் சித்தப்பா பேத்திக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. சங்கு வாங்க வேண்டும், குழந்தைக்குப் பாலும் மருந்தும் புகட்டும் சங்கு. நாட்டு மருந்துக் கடைகள் இருக்கும் தெரு, சுக்கும் சித்தரத்தையும் வசம்பும் மணக்கும். எவர்சில்வரில் ஒன்று, பித்தளையில் ஒன்று எடுத்துப் போட்டார்கள். கூடவே வந்த அக்கா மகள், “எங்க வார்டுல இதான் மாமா” என்றாள்.

நான் நம்பவில்லை. அவள் விளக்கினாள். 34 வாரத்துக்கு முன்னால் பிறந்த குழந்தைக்கு உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சுவிடுவது மூன்றும் ஒன்றோடொன்று சேராது. ரொம்பச் சிறிசு என்றால் மூக்கிலோ வாயிலோ குழாய் போட்டுப் பால் இறக்குவார்கள். 32 வாரம் தாண்டினால் தாய்ப்பாலைக் கறந்து பாலாடையில், அதாவது இதே சங்கில். பச்சிளங்குழந்தைப் பிரிவில் வென்டிலேட்டருக்குப் பக்கத்தில் பாட்டி சாமான்!

பால்புட்டியை ஏன் வேண்டாம் என்கிறார்கள் என்பதற்கும் அவளிடம் பதில் இருந்தது. புட்டியின் ரப்பர் காம்பையும் கழுத்தையும் சரியாகக் கழுவ முடியாது. விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் நீண்ட ரப்பர் குழாய் வைத்த பால்புட்டிகள் நாகரிகமாகக் கருதப்பட்டன. குழாய்க்குள் கிருமி குடியிருந்து குழந்தைகளைக் கொன்றதால் ‘கொலைப் புட்டி’ என்றே பெயர் வந்தது. சங்கில் ஒளிய மூலையே இல்லை. திறந்த வாய், வழவழப்பான உள்பக்கம், கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்தால் முடிந்தது. 1992 சட்டப்படி இந்தியாவில் பால்புட்டிக்கு விளம்பரமே செய்யக்கூடாது.

எவர்சில்வரையே வாங்கினோம். கடை வாசலிலேயே அவள் செய்துகாட்டினாள். குழந்தையைக் கொஞ்சம் நிமிர்த்திப் பிடிக்க வேண்டும், சங்கின் மூக்கை உதட்டோரம் வைத்துச் சாய்க்க வேண்டும், குழந்தை தானாகச் சப்பும் வரை காத்திருக்க வேண்டும். நம் ஊர்ப் பெரியவர்கள் மடியில் மல்லாத்திப் போட்டு, மூக்கைப் பிடித்து, கடகடவென்று ஊற்றுவார்களே, அதுமட்டும் கூடாது. பால் நுரையீரலுக்குப் போய்விடும். “ஊத்தாதீங்கன்னு எழுதுங்க மாமா” என்றாள். எழுதிவிட்டேன்.

போகிறவர்களுக்கு: எழும்பூர் மியூசியம் வெள்ளிக்கிழமை விடுமுறை. பாரிமுனைக் கடைகள் பலவும் ஞாயிறு மூடியிருக்கும். காந்தம் கொண்டுபோனால் கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.